எல்லையின் தட்டு

ஓசூரில் நான் சாப்பிடும் மெஸ்ஸில் ஒரே ராகி உருண்டையைக் களி, முத்தே, சங்கட்டி என்று மூன்று மொழிகளில் கேட்கிறார்கள். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது ஓசூர் தமிழ்ப் பக்கம் நின்றது. பானை எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

பிரான்ஸின் எல்லையில் அல்ஸாஸ் இப்படித்தான். 1871இல் அது ஜெர்மனி வசமாயிற்று. அங்கிருந்து வெளியேறிய லெயோனார் லிப், 1880இல் பாரிஸில் ஒரு பிராஸரி திறந்தார். பிராஸரி என்றால் பீர் காய்ச்சுமிடம். நாளடைவில் பீரோடு சாப்பாடும் தரும் கடை. அங்கே புளிக்கவைத்த முட்டைகோஸும் பன்றி இறைச்சியும் உண்டு. கோஸுக்கு ஜெர்மனியில் ஸவர்க்ரவுட், பிரான்ஸில் ஷூக்ரூத் என்று பெயர். கடைக்கு லிப் வைத்த பெயர், 'ரைன் கரை'.

முதல் உலகப் போரில் ஜெர்மன் வெறுப்பு அந்தப் பெயரை நீக்கியது. கடை வெறும் 'லிப்' ஆயிற்று. தட்டு மாறவில்லை.

உணவு எல்லைகளைக் கடக்கும் என்று சொல்லிச் சமாதானமாக எனக்கு மனமில்லை. ஊரைவிட்டு வந்தவனின் ருசியை நகரம் ஏற்றுக்கொண்டது. அவன் நதியின் பெயரை அல்ல.