ஜோஷுவா சேம்பர்லேன் சரித்திரம்

புத்தகத்தோடு உறவாடுகிறவன் ஒரு காரியத்துக்கும் உதவான் என்று நம்மவருள் பெரியோர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு சொல்வோர் செவியில் அமெரிக்க தேசத்து உபாத்தியாயர் ஒருவருடைய சரித்திரத்தை இட விரும்பி இதனை எழுதத் துணிந்தோம்.

ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லேன் என்பார் 1828-ஆம் ஆண்டு அத்தேசத்தின் வடகோடியாகிய மெயின் மாகாணத்தில் ப்ரூவர் என்னும் ஊரிலே பிறந்தார். மகன் படைவீரனாக வேண்டுமென்று தந்தையும், மதபோதகனாக வேண்டுமென்று தாயும் விரும்பினர். பிள்ளைக்கோ திக்குவாய். அக்குறையை அவர் தம் முயற்சியாலேயே வென்றார். பௌடன் கலாசாலையிற் சேரும்பொருட்டுக் கிரேக்க பாஷையை வீட்டிலிருந்தே கற்றார். பின்னர் லத்தீன், எபிரேயம், அரபு முதலிய பல பாஷைகளிலும் தேர்ச்சியுற்று, அக்கலாசாலையிலேயே ஆசிரியராக அமர்ந்தார். திக்கிப் பேசிய பிள்ளை பிரசங்க சாஸ்திரத்தைப் பிறருக்குக் கற்பித்தது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

1861-ஆம் ஆண்டில் அத்தேசத்தார் இரு கூறாகி யுத்தம் தொடங்கினர். அடிமை முறையைக் காக்கும் பொருட்டுத் தென் மாகாணங்கள் பிரிந்து போயின. தேசம் பிளவுபடலாகாது என்று வடவர் நின்றனர். நான்கு வருஷங்களில் ஆறு லக்ஷத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் சேம்பர்லேனுக்கு மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். ஐரோப்பா சென்று பாஷைகள் கற்றுவரக் கலாசாலையார் அவருக்கு இரண்டு வருஷ விடுமுறை அளித்திருந்தனர். அவர் 1862-இல் அவ்விடுமுறையைக் கொண்டே பட்டாளத்திற் சேர்ந்துவிட்டார்! மாகாணத் தலைவர் ஒரு படைக்கே தலைமை தர முன்வந்தபோது, தாம் அத்தொழிலைக் கற்றறியாதவர் என்று சொல்லி அதற்கு அடுத்த பதவியையே ஏற்றார். பதவி வந்தால் தகுதி தானே வரும் என்றிருப்போர் மலிந்த உலகில் இது நாம் போற்றத் தக்கது.

1863 மே மாத இறுதியில் அவர் தம் படைக்குத் தலைவரானார். அச்சமயம் மற்றொரு மெயின் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 120 வீரர்கள் காவலுடன் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். தோழர்கள் தவணை தீர்ந்து வீடு திரும்ப, மூன்று வருஷப் பத்திரத்தில் ஒப்பமிட்டிருந்த தாங்கள் மட்டும் நிறுத்தப்பட்டதனால் மனம் கொதித்து, ஆயுதம் தொட மறுத்தவர்கள் அவர்கள். வேண்டுமானால் சுட்டுவிடலாம் என்னும் அநுமதியும் உடன் வந்தது. சேம்பர்லேன் முதலிற் பார்த்தது அவர்களுடைய பசியை. உணவளித்தார், காவலை நீக்கினார், அவர்கள் குறையைக் கேட்டார், பிறகு பேசினார். மிகச் சிலர் ஒழிய, ஏனையோர் துப்பாக்கி ஏந்த இசைந்தனர்.

ஜூலை 2-ஆம் தேதி கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் லிட்டில் ரவுண்ட் டாப் என்னும் குன்றின் இடக்கோடியை அப்படையே காத்தது. அவருடைய தம்பியர் இருவரும் அன்று உடனிருந்தனர். குன்றேறும் வழியில் ஒரு குண்டு மூவரையும் உரசுவதுபோற் பறந்து செல்ல, ஒரே அடியில் மூவரும் மாண்டால் தாய் தாங்காள் என்று எண்ணித் தம்பியரை விலகி நடக்கச் செய்தார். பகைவர் மீண்டும் மீண்டும் ஏறிவந்தனர். தோட்டாக்கள் தீர்ந்தன. துப்பாக்கி முனையில் ஈட்டி மாட்டி, மேலிருந்து கீழ்நோக்கிப் பாயச்செய்து அவர்களைத் துரத்தினார். அப்பாய்ச்சலின் புகழ் அவர் ஒருவருக்கே உரியதன்று, அவருடைய துணைவர்களுக்கும் பங்குண்டு என்று ஆராய்ச்சியாளர் கூறுவர், அது நியாயமே. ஆயினும் பசியோடு வந்த அந்த நூற்றிருபதின்மருட் பெரும்பாலோர் அன்று அக்குன்றின்மேல் அவரோடு நின்றனர் என்பதை மறக்கலாகாது.

1864 ஜூன் 18-இல் பீட்டர்ஸ்பர்க் நகரருகே ஒரு குண்டு அவருடைய இடுப்பை ஒரு புறமிருந்து மறுபுறம் துளைத்தது. வாளை ஊன்றிக்கொண்டு, விழுமளவும் நின்றார். பிழையார் என்றெண்ணி, சேனாதிபதி கிராண்ட் உடனே அவருக்குப் பதவி உயர்வு அளித்தார். பத்திரிகைகள் மரணச் செய்தியையே வெளியிட்டன. அவரோ அவ்வருஷத்திலேயே களத்துக்குத் திரும்பினார்.

1865 ஏப்ரல் 9-இல் தென்னாட்டுச் சேனாதிபதி லீ பணிந்தார். மூன்றாம் நாள், அப்பமாட்டக்ஸ் என்னுமிடத்தில், தோற்ற வீரர்கள் வரிசையாக வந்து ஆயுதங்களை வைக்கும் சடங்குக்குச் சேம்பர்லேன் தலைமை வகித்தார். கந்தலணிந்து தலை கவிழ்ந்து வந்தவர்களைக் கண்டு ஆரவாரிக்க அவர் இடந்தரவில்லை. தம் வீரர்கள் துப்பாக்கியைத் தோளருகே உயர்த்தி மரியாதை செய்யக் கட்டளையிட்டார். முன்வந்த தென்னாட்டுத் தளபதி கார்டன் நிமிர்ந்து, வாளைத் தாழ்த்தி எதிர்மரியாதை செய்தார். வடவரிற் சிலர் இதற்காகச் சேம்பர்லேனை வைதனர். அடிமைத்தளையைக் காக்கப் பொருதவர்க்கு வணக்கம் ஏன் என்ற அவர்கள் வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கையில் ஆயுதமின்றி வீடு திரும்பும் உழவனும் அந்தத் தேசத்தின் குடியே ஆயினான் அன்றோ?

பின்னர் அவர் நான்கு முறை மாகாணத் தலைவரானதை விரிக்கவில்லை. 1871-இல் தம் பழைய கலாசாலைக்கே தலைவராகி, மாணாக்கர்க்குப் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்கினார். 1874-இல் மாணாக்கர் அதனை எதிர்த்து மறுத்தனர். அவர் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். பணியாவிடில் நீக்குவதாகத் தாக்கீதும் விடுத்தார். பெரும்பாலோர் திரும்பினர், ஆயினும் சில ஆண்டுகளில் அப்பயிற்சியே கைவிடப்பட்டது. கலகம் செய்த வீரர்களை அமர்த்திப் பேசியவர், தம் மாணாக்கரிடம் அவ்வாறு பேசாது கடிதத்தால் அச்சுறுத்தியதை எண்ணி நாம் பலகால் வருந்தியதுண்டு.

இடுப்பிற் பட்ட புண் முற்றிலும் ஆறவேயில்லை. பலமுறை சிகிச்சை செய்தும் அரை நூற்றாண்டு அது அவரை வருத்தியது. 1914 பிப்ரவரி 24-இல், எண்பத்தைந்தாம் வயதில், அப்புண்ணின் உபாதையாலேயே காலமானார். கலாசாலை இருக்கும் ப்ரன்ஸ்விக் ஊரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.