புதிய வருமான வரி முறை (இந்தியா)

புதிய வருமான வரி முறை என்பது, கழிவுகளில் பெரும்பாலானவற்றை விட்டுக்கொடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் குறைந்த விகிதத்தில் வரி செலுத்த இந்தியாவில் தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் உள்ள ஏற்பாடு. 2020ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதை 1961 வருமான வரிச் சட்டத்தில் 115பிஏசி என்ற பிரிவாகச் சேர்த்தது. தொடக்கத்தில் விரும்பியவர்கள் மட்டும் இதில் சேர்ந்தார்கள். 2023-24 நிதியாண்டு முதல் நிலை தலைகீழானது: எதையும் தெரிவு செய்யாதவருக்கு இதுவே பொருந்தும், பழைய முறை வேண்டுவோர்தான் கேட்டுப் பெற வேண்டும். பழைய முறை இன்னும் ஒழிக்கப்படவில்லை.

பின்னணி

1857 கிளர்ச்சிக்குப் பின் காலியாகிக் கிடந்த கஜானாவை நிரப்ப, 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி விதித்தார். விடுதலைக்குப் பின் விகிதங்கள் ஏறிக்கொண்டே போய், 1973-74இல் மிக உயர்ந்த அடுக்கில் கூடுதல் வரியும் சேர்த்து 97.75 சதவீதத்தைத் தொட்டன. 1997இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் அவற்றை 10, 20, 30 என்ற மூன்று அடுக்குகளாக்கினார். கீழ் அடுக்கு மட்டும் 2017இல் 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய முறையில் இன்றும் இருப்பது அந்த அமைப்புதான்.

சேமித்தால் வரி குறையும் என்பது பழைய முறையின் அடிப்படை. ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கடன் அசல் எல்லாமே 80சி பிரிவுக்குள் வந்தன. அந்தப் பிரிவின் உச்சவரம்பு 2014இல் 1.5 லட்சம் ரூபாயாக உயர்ந்ததோடு நின்றுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அலுவலகம் சேமிப்புச் சான்று கேட்கும்போது, தேவையா என்று பாராமல் அவசரமாக ஒரு பாலிசி எடுத்துக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். வரிக்காக வாங்கிய பாலிசிகளில் பல, குடும்பத் தலைவர் இறந்தால் ஓராண்டுச் செலவுக்கும் காணாத தொகைக்கானவை. புதிய முறையின் மிகப் பெரிய விளைவு இந்தப் பிணைப்பை அறுத்ததுதான்.

விகிதங்கள்

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2020இல் அறிவித்த அடுக்குகள் 2023, 2024, 2025 ஆண்டுகளில் மாற்றப்பட்டன. 2025-26 நிதியாண்டில் 4 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என ஏறி, 24 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் ஆகிறது. வரித்தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் தனி. சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. பழைய முறை மூத்த குடிமக்களுக்கு 3 லட்சம், 80 வயதைக் கடந்தவர்களுக்கு 5 லட்சம் என்று தனி வரம்பு தருகிறது. புதிய முறையில் வயது வேறுபாடு இல்லை.

15 லட்சம் சம்பளம் வாங்குபவர் புதிய முறையில் செஸ்ஸுடன் 97,500 ரூபாய் வரி கட்டுவார். அவரே பழைய முறையில் 80சி முழுவதும், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, நிலையான கழிவு 50,000 எல்லாவற்றையும் கழித்த பிறகும் கட்ட வேண்டியது 1,40,400 ரூபாய். இந்தச் சம்பளத்தில் பழைய முறை லாபமாக வேண்டுமானால் மொத்தக் கழிவு 5.94 லட்சத்தை எட்ட வேண்டும். பெருநகரத்தில் அதிக வாடகை கொடுத்து, வாடகைப்படிச் சலுகையும் பெறுகிறவர்கள் சிலருக்கே அது சாத்தியம்.

12 லட்சம் என்ற எல்லை

2025 பட்ஜெட்டில் மக்கள் மனத்தில் பதிந்த எண் 12 லட்சம். அது வரி விலக்கு வரம்பு அல்ல. வரி விலக்கு 4 லட்சம் வரைதான். 12 லட்சம் வருமானத்துக்கு அடுக்குப்படி வரும் 60,000 ரூபாய் வரியை 87ஏ பிரிவு முழுதாகத் தள்ளுபடி செய்கிறது. நிலையான கழிவு சேர்வதால் சம்பளக்காரருக்கு இந்த எல்லை 12.75 லட்சம். விலக்குக்கும் தள்ளுபடிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்களே சிக்கலில் மாட்டுகிறார்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி சுழியமானாலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. கழிவு போக 9 லட்சம் சம்பளம் உள்ள ஒருவர், ஓராண்டுக்குள் பங்குகளை விற்று 1 லட்சம் லாபம் பார்த்தால், சம்பளத்துக்கு வரி இல்லை. அந்த 1 லட்சத்துக்கு மட்டும் 20 சதவீதம் வரி உண்டு. மொத்தம் 12 லட்சத்துக்குள்தானே என்று இருந்துவிட முடியாது.

எல்லையைச் சற்றே தாண்டுபவர்களைக் காக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் அடுக்குப்படி வரி 61,500 வரும். ஆனால் எல்லைக்கு மேல் ஈட்டியது 10,000தான் என்பதால், செஸ் நீங்கலாக வரியும் 10,000க்கு மேல் போகாது. ஏறக்குறைய 12.70 லட்சம் வரை இந்தத் தணிவு கிடைக்கிறது.

குடும்பச் சேமிப்பு

கழிவு போய்விட்டதே என்று பிபிஎஃப் கணக்கில் பணம் போடுவதை நிறுத்துவது தவறான முடிவு. புதிய முறையில் போனது, முதலீடு செய்யும்போது கிடைத்த சலுகை மட்டுமே. பிபிஎஃப், செல்வமகள் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றின் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் இன்றும் வரி இல்லை. வங்கி வைப்பின் வட்டியோ முழுவதும் வருமானத்தோடு சேரும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் தாமே போடும் பணத்துக்குக் கழிவு இல்லை என்றாலும், நிறுவனம் அவருக்காகச் செலுத்தும் பங்குக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. சம்பளத்தை அதற்கேற்ப அமைத்துத் தரும்படி கேட்பது ஊழியரின் கையில் இருக்கிறது. பலர் கேட்பதில்லை.

மருத்துவக் காப்பீட்டின் கதை வேறு. பழைய முறையில் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு, புதியதில் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளின் மேல் இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி அடியோடு நீக்கப்பட்டது. வரிச் சலுகை இல்லை என்பதற்காக மருத்துவக் காப்பீட்டைக் கைவிட்ட வீடு, ஒரே ஓர் அறுவைச் சிகிச்சையில் பல ஆண்டுச் சேமிப்பை இழந்துவிடும்.

மனைவியின் 12 லட்ச வரம்பையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கணவர் தன் பணத்தை அவர் பெயரில் வைப்பில் போடுவது பரவலான பழக்கம். அந்த வட்டியைச் சட்டம் கணவரின் வருமானமாகவே கணக்கிடுகிறது. பெற்றோருக்கோ 18 வயது நிறைந்த பிள்ளைக்கோ கொடுத்தால் இந்த விதி பொருந்தாது. அங்கே வட்டி அவர்களுடையது, பணமும் அவர்களுடையது.

சிறு வியாபாரிகள்

புதிய முறையால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் தனி உரிமையாளராகக் கடை நடத்துபவர். 44ஏடி பிரிவின்படி, ஆண்டு விற்றுமுதல் 2 கோடிக்குள் உள்ளவர் விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே விற்றுமுதலில் குறைந்தது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி, யுபிஐ வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 3 கோடி. ஆக, 2 கோடி விற்றுமுதலும் யுபிஐயில் வந்த மளிகைக்கடைக்காரரின் லாபம் 12 லட்சம், வரி இல்லை. அதே விற்பனை முழுவதும் ரொக்கமானால் லாபம் 16 லட்சம்; செஸ்ஸுடன் வரி 1,24,800 ரூபாய். உண்மையான லாபம் இந்தச் சதவீதத்தை விடக் கூடுதலாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு இந்த அடுக்குகளும் தள்ளுபடியும் இல்லை. அது லாபத்தில் 30 சதவீதம் கட்டியாக வேண்டும்.

வருமான வரி இல்லை என்பதால் ஜிஎஸ்டியும் இல்லை என்று ஆகாது. பொருள் விற்பவர் தமிழ்நாட்டில் 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். பக்கத்திலுள்ள புதுச்சேரியில் 20 லட்சத்திலேயே. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறுகடைகளுக்கு ஜிஎஸ்டி அறிவிப்பு அனுப்பியபோது, பெங்களூருவில் பல கடைக்காரர்கள் ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். அவர்களின் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ரொக்கத்துக்குத் திரும்பினால் ஜிஎஸ்டிக் கடமை நீங்குவதில்லை, 6 சதவீதச் சலுகைதான் கைவிட்டுப் போகிறது. 1.5 கோடி வரை விற்பவர் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து 1 சதவீதம் கட்டலாம் என்பதை முன்பே யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முறையை மாற்றிக்கொள்வதிலும் வியாபாரிக்குக் கட்டுப்பாடு அதிகம். சம்பளக்காரர் ஆண்டுதோறும் தமக்கு ஏற்றதைத் தெரிவு செய்யலாம். கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் போதும், தவறினால் அந்த ஆண்டுக்குப் புதிய முறைதான். வியாபார வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், வியாபாரம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. 44ஏடியிலும் இதைப் போன்ற பிடி உண்டு. அதில் சேர்ந்தவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்த லாபம் காட்டி வெளியேறினால், அதற்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு அந்தப் பிரிவு கிடைக்காது. வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் அந்த ஆண்டுகளில் தணிக்கையும் செய்ய வேண்டும். எனவே ஓராண்டு வரியை மட்டும் பார்த்துப் படிவத்தில் கையெழுத்திடாமல், வரப்போகும் கடன், கடை விரிவாக்கம், புதுக் கூட்டாளி எல்லாவற்றையும் ஆடிட்டரிடம் சொல்லிக் கலந்துகொள்வது நல்லது. வங்கிக் கடனுக்குப் போகும்போது குறைத்துக் காட்டிய லாபமே கடன் தொகையையும் குறைக்கும்.

2025 வருமான வரிச் சட்டம்

1961 சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் 536 பிரிவுகள் உள்ளன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்கை விடுத்து ‘வரி ஆண்டு’ என்ற ஒரே கணக்கைக் கொண்டுவந்ததும் பிரிவு எண்களை மாற்றியதும் பொதுமக்கள் கண்ணில் முதலில் படும் வேறுபாடுகள். இரு முறைகளும் அதில் தொடர்கின்றன. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கான கணக்கு, 2026இல் தாக்கல் செய்யப்பட்டாலும், 1961 சட்டத்தின்படியே அமையும்.