டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சல்: உண்ணியின் மீதான வழக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், டெக்சாஸ் புல்வெளிகளில் கேட்பாரற்றுப் பெருகியிருந்த நீள்கொம்பு மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்று, கான்சஸ் மாநிலத்து அபிலீன் போன்ற ரயிலடிகளில் விற்பது பெரும் வணிகமாக வளர்ந்தது. அம்மாடுகள் நோயின் சாயலே இன்றி நடந்து சென்றன. ஆயின் அவை மேய்ந்த தடத்தில் சில வாரம் கழித்து மேய்ந்த வடபுலத்து மாடுகள் கடுங்காய்ச்சல் கண்டு, சிறுநீர் செந்நிறமாகி, கூட்டங்கூட்டமாக மடிந்தன. போருக்கு முன்பே மிசூரி விவசாயிகள் டெக்சாஸ் மந்தைகளைத் துப்பாக்கியோடு வழிமறித்துத் திருப்பியனுப்பியிருந்தனர். நோயற்ற மாடு நோயைத் தருவதும், நோயுற்ற வடக்கத்தி மாடு அருகிலுள்ள மாட்டுக்கு அதைத் தராதிருப்பதும், உறைபனி விழுந்ததும் கொள்ளை தானாக அடங்குவதும் கற்றவர் எவருக்கும் பிடிபடாத புதிராக இருந்தன.

மாடு மேய்த்தவர்களில் பலர் உண்ணியே காரணம் என்று கூறிவந்தனர். 1868-இல் இல்லினாய் மாநிலத்தில் நோய் பரவியபோது அதை ஆராய வந்த ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் ஜான் காம்ஜி அக்கருத்தைத் தள்ளிவிட்டுத் தெற்கத்தி மாடுகளின் கழிவே புல்லை நஞ்சாக்குகிறது என்றார். ஊர் வழக்கு என்பதனாலேயே ஒரு கருத்தைப் பொருட்படுத்தாத படிப்பாளியின் மனப்பாங்குக்கு இது தக்க சான்று. அதனால் இழந்த காலம் ஏறத்தாழ 20 ஆண்டுகள்.

அமெரிக்க அரசு 1884-இல் தொடங்கிய கால்நடைத் தொழில் பணியகத்தில் சேர்ந்த தியோபால்ட் ஸ்மித், அங்கிருந்த கால்நடை மருத்துவர் எஃப். எல். கில்போர்னுடன் 1889 முதல் வாஷிங்டன் அருகிலுள்ள ஆய்வுப் பண்ணையில் இவ்வழக்கை விசாரித்த முறை மிக எளியது. வட கரோலினாவிலிருந்து உண்ணி மொய்த்த மாடுகளைத் தருவித்து, சிலவற்றை அப்படியே வடக்கத்தி மாடுகளோடு ஒரு வேலிக்குள் விட்டனர். சிலவற்றின் உண்ணிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியெறிந்துவிட்டு மற்றொரு வேலிக்குள் விட்டனர். மூன்றாவது வேலிக்குள் தெற்கத்தி மாடு எதுவும் இல்லை, புல்லில் தூவிய உண்ணிகள் மட்டுமே இருந்தன. முதல் வேலியிலும் மூன்றாவதிலும் வடக்கத்தி மாடுகளுக்கு நோய் கண்டது. உண்ணி நீக்கிய வேலியில் காணவில்லை.

அடுத்துக் கிடைத்த விடையே வியப்புக்குரியது. இவ்வுண்ணி தன் வாழ்நாள் முழுவதையும் ஒரே மாட்டின் மேல் கழிக்கும் இயல்பினது. எனவே அது மாடு விட்டு மாடு தாவி நோயைக் கடத்த வழியில்லை. குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. ஸ்மித் அம்முட்டைகளை ஆய்வகத்தில் பொரிக்கவைத்து, முன்பு எந்த மாட்டையும் தீண்டாத குஞ்சுகளைத் தொழுவத்தில் கட்டியிருந்த மாட்டின் மேல் விட்டபோதும் நோய் வந்தது. தாயின் உடலிலிருந்த கிருமி முட்டை வழியே சேய்க்குச் சென்றிருந்தது. தடத்தில் நஞ்சு தோன்றச் சில வாரம் ஆனதன் காரணமும், உறைபனி நோயை நிறுத்தியதன் காரணமும் இதனால் விளங்கின. கன்றுப் பருவத்திலேயே தொற்றுக்கு ஆளாகி எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவதால் டெக்சாஸ் மாடுகள் நலமாகத் திரிந்தன என்பதும் தெளிவாயிற்று.

நோய்ப்பட்ட மாட்டின் சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இரண்டிரண்டாக அமைந்த ஓரணு உயிரியை ஸ்மித் கண்டார். சிவப்பணுக்கள் உடைந்து அவற்றின் நிறமி சிறுநீரில் கலப்பதே செந்நீருக்குக் காரணம். இதற்கு முன்பே, 1888-இல், ருமேனிய மாடுகளின் குருதியில் இதையொத்த உயிரியைக் கண்டவர் விக்டர் பாபேஷ். அவர் அதைப் பாக்டீரியா என்றே எண்ணினார், எனினும் பபேசியா என்னும் பேரினப் பெயரில் நிலைத்துவிட்டவர் அவரே. ஸ்மித்தும் கில்போர்னும் தங்கள் அறிக்கையை 1893-இல் வெளியிட்டனர். குருதி குடிக்கும் சிற்றுயிர் ஒன்று ஓரணு ஒட்டுண்ணி நோயைப் பரப்புவதைச் சோதனையால் நிறுவிய முதல் ஆய்வு அது. ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது அதற்கு 4 ஆண்டுகள் பின்னரே. உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்த கூப்பர் கர்ட்டிசுக்கு இப்புகழில் உரிய பங்கு கிட்டவில்லை என்ற மனக்குறை நெடுநாள் நீடித்தது. அது நியாயமற்றதும் அன்று.

1906-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின்படி, தென் மாநிலங்களின் மாடுகள் ஆர்சனிக் கரைசல் நிரப்பிய தொட்டிகளில் திரும்பத் திரும்ப முக்கியெடுக்கப்பட்டன. செலவும் அலைச்சலும் தாங்காத சிறு விவசாயிகள் சில ஊர்களில் அத்தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தனர். 1943 அளவில் உண்ணி மெக்சிகோ எல்லையோரமாக ஒதுக்கப்பட்டது; ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் குதிரைமீது சுற்றும் காவலர்கள் இன்றும் எல்லை தாண்டும் மாடுகளைப் பிடித்துச் சோதிக்கின்றனர்.

மனிதனுக்குப் பபேசியா நோய் வராது என்ற நம்பிக்கை 1957 வரை நீடித்தது. அவ்வாண்டு யுகோஸ்லாவியாவில் சாக்ரெப் அருகே, மண்ணீரல் முன்பே அகற்றப்பட்ட விவசாயி ஒருவரின் உயிரைப் பபேசியா பறித்தது. பழுதுற்ற சிவப்பணுக்களை வடிகட்டும் உறுப்பு மண்ணீரல் ஆதலால், அஃதில்லாதவருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் கருதினர். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் 1969-இல் மண்ணீரலுள்ள பெண்மணிக்கே நோய் கண்டபோது அதுவும் பொய்த்தது. அங்கே ஒட்டுண்ணியைச் சுமந்தவை எலிகள், கடத்தியது மான்களில் பெருகும் உண்ணி. மாட்டுக்கு அதில் பங்கே இல்லை. தொற்றியவர் பலர் நோயை உணராமலே குருதிக்கொடை அளிப்பதால் ஏற்றப்படும் குருதி வழியாகவும் இது பரவுகிறது. அதனால் 14 அமெரிக்க மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் கொடைக் குருதியைப் பபேசியாவுக்காகச் சோதிக்குமாறு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2019-இல் அறிவுறுத்தியது.