வேகம் எங்கே போயிற்று?

வாசகரே, தொட்டியத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் விரல் நீளக் கருவி ஒன்று செருகப்பட்டிருக்கிறது. இணையத்தில் வரும் படங்களைத் திரையில் காட்டுவது அதன் வேலை. நேற்றுவரை நன்றாக ஓடிய அக்கருவி, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் மந்தமாகிவிட்டது. "பழுதாகிவிட்டது, வேறு வாங்கலாம்" என்கிறார்கள் வீட்டார். இது சரிதானா?

இந்தத் தொல்லை புதியதன்று. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் விரைவாக மந்தமாகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இல் எழுதினார். கருத்து மார்ட்டின் ரைசருடையது என்று அவரே குறிப்பிட்டபோதிலும், உலகம் அதை 'விர்த் விதி' என்றே அழைக்கிறது. 25 ஆண்டுகளுக்கு முன் 8,000 பைட்டில் அடங்கிய எழுத்துத் திருத்தி, பின்னர் 100 மடங்கு இடம் கேட்டதை அவர் எடுத்துக்காட்டினார்.

2014இல் வெளிவந்த முதல் ஃபயர் டிவி ஸ்டிக்கின் வேலை நினைவகம் 1 ஜிகாபைட். சேமிப்பிடம் 8 ஜிகாபைட். இத்தகைய கருவிகளைச் சென்னையில் தயாரிக்கப்போவதாக அமேசான் 2021இல் அறிவித்தது. இவற்றில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட இயலாது. ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பும் கூடுதல் இடம் கேட்கிறது. வாய்க்காலின் அகலம் மாறாமல் பாசனப் பரப்பு மட்டும் பெருகினால் கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாகத்தானே வரும்? காவிரிக்கரை உழவர்கள் அறிந்த கணக்குத்தான் இது.

சில வேளை உற்பத்தியாளரே வேகத்தைக் குறைப்பதும் உண்டு. பழைய பேட்டரியுள்ள ஐபோன்கள் திடீரென அணையாதிருக்க, புதுப்பிப்பின் வழியே அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. இதை மக்களுக்குத் தெரிவிக்காததற்காகப் பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இனி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? புதுப்பித்தபின் சில மணி நேரம் பொறுங்கள். உள்ளே வேலைகள் நடந்துகொண்டிருக்கலாம். பிறகு மின் இணைப்பைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். பயன்படாத செயலிகளை நீக்குங்கள். மற்றச் செயலிகள் சேர்த்து வைத்துள்ள தற்காலிகக் கோப்புகளை அமைப்புப் பகுதியில் அழியுங்கள். தொலைக்காட்சியிலிருந்து மின்சாரம் எடுக்காமல், கருவியுடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். எதுவும் பலிக்காவிட்டால், கடவுச்சொற்களைக் குறித்துக்கொண்டு, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள்.

புதுப்பிப்பே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதுவே. மந்தமான கருவியெல்லாம் கெட்ட கருவியன்று. அவசரப்பட்டு எறிந்தால் மின்னணுக் குப்பைதான் பெருகும்.