உயிருள்ள ஓலையும் உயிரற்ற தூதனும்

செய்தி அனுப்ப மனித உடலையே உறையாக்கிய இரண்டு சம்பவங்கள் வரலாற்றில் உண்டு. ஒன்று கி.மு. 499-ஐ ஒட்டிப் பாரசீகத்தின் சூசா நகரில் நடந்தது. மற்றொன்று 1943-இல் லண்டனில் திட்டமிடப்பட்டது. முதலாவதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டாவதோ பல ஆண்டுகள் ரகசியக் கோப்புகளில் கிடந்தது.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிரேக்க நகரம் மிலேட்டஸ். அதை ஆண்ட ஹிஸ்டியாயஸ், சிதியர் மீதான போரில் டான்யூப் ஆற்றுப் பாலம் உடைபடாமல் பார்த்துக்கொண்டு, பேரரசன் டேரியஸ் பத்திரமாகத் திரும்ப வழி செய்தவன். பரிசாகக் கிடைத்த இடத்தில் அவன் மதில் எழுப்பத் தொடங்கியதும் அரண்மனைக்குச் சந்தேகம் வந்தது. ஆலோசகன் என்று பெயர் சூட்டி அவனைச் சூசாவிலேயே இருத்திக்கொண்டார்கள். பெயருக்கு விருந்தாளி, உண்மையில் கைதி. மிலேட்டஸை ஆண்டது அவன் மருமகன் அரிஸ்டகோரஸ்.

அவனுக்குச் சேதி அனுப்ப ஹிஸ்டியாயஸ் விரும்பினான்; ஆனால் வழியெல்லாம் காவல். எனவே தன் நம்பிக்கைக்குரிய அடிமைக்கு மொட்டையடித்து, மண்டையில் சேதியைப் பச்சை குத்தினான். முடி வளரும்வரை பொறுத்திருந்து மிலேட்டஸுக்கு அனுப்பினான். தலையை மழித்துப் பார்க்கும்படி அரிஸ்டகோரஸிடம் சொல்வது மட்டுமே அடிமையின் வேலை. சேதி இதுதான்: பாரசீகத்துக்கு எதிராகக் கலகம் செய்.

இனி லண்டன். இரண்டாம் உலகப் போரில், 1943-இல் நேச நாடுகளின் அடுத்த இலக்கு சிசிலி. வரைபடம் பார்க்கத் தெரிந்த எவரும் அதை ஊகித்துவிடலாம். ஜெர்மானியரைத் திசைதிருப்பும் பொறுப்பு யுவென் மாண்டகு, சார்லஸ் சம்லி என்ற இரு பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் வந்தது. எலிமருந்து உள்ளே போனதால் ஜனவரியில் லண்டனில் இறந்துபோன, வீடுவாசல் இல்லாத வேல்ஸ்காரர் கிளிண்டூர் மைக்கேலின் உடலை அவர்கள் பெற்றார்கள். அவர் இப்போது மேஜர் வில்லியம் மார்ட்டின் ஆனார். சட்டைப் பையில் காதலியின் கடிதங்கள், நிச்சயதார்த்த மோதிரத்தின் ரசீது, நாடகச் சீட்டின் அடிக்கட்டைகள், கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்த பணத்தைக் கட்டச் சொல்லும் வங்கிக் கடிதம். கால்கள் உறைந்துபோய் பூட்ஸ் ஏறவில்லை. மின்சாரக் கணப்பில் பாதங்களை இளக்கித்தான் மாட்டினார்கள். உடலோடு சங்கிலியால் பிணைத்த கைப்பெட்டியில், தாக்குதல் கிரீஸிலும் சார்டினியாவிலும் என்று எண்ணவைக்கும் ஒரு தளபதியின் கடிதம் இருந்தது.

ஏப்ரல் 30 அதிகாலை, சீராஃப் நீர்மூழ்கிக் கப்பல் அந்த உடலை ஸ்பெயினின் ஹுவெல்வா கரையோரம் கடலில் விட்டது. மீனவர் ஒருவர் கண்டெடுத்தார். ஸ்பானிய அதிகாரிகள் சிலரின் உதவியோடு ஜெர்மன் உளவாளிகள் கடிதத்தைப் படமெடுத்தார்கள். பின்னர் அது ஒன்றும் நடவாததுபோல் பிரிட்டனிடம் திரும்பி வந்தது. காகித மடிப்புகளைச் சோதித்த லண்டன், உறை திறக்கப்பட்டதைத் தெரிந்துகொண்டது.

இரண்டு தூதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சூசாவில் இருந்து போனது மெய். எதிரி கண்ணில் படாமல் இருந்தால்தான் வெற்றி. லண்டன் அனுப்பியது பொய். எதிரி படித்தே ஆக வேண்டும். முன்னதற்குக் காலம் துணை, முடி வளர வேண்டும். பின்னதற்குக் காலமே பகை, உடல் அழுகிவிடக் கூடாது. முன்னதில் தூதனின் நம்பகம் அவன் விசுவாசத்தில் இருந்தது. பின்னதில் அது பையில் கிடந்த சில்லறைக் காகிதங்களில் இருந்தது.

தூது போனவர்களின் நிலை மட்டும் ஒன்றுதான். அடிமையின் பெயரை ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை. கிளிண்டூரின் பெயர் 1996-இல்தான் ஆய்வாளர் ஒருவரால் வெளிவந்தது. ஹுவெல்வா கல்லறையில் பொறிக்கப்பட்டது 1998-இல். ஒருவருக்கு மறுக்கும் உரிமை இல்லை, மற்றவருக்கு உயிரே இல்லை.

விளைவு என்ன? மிலேட்டஸ் இருந்த அயோனியப் பகுதியில் கலகம் மூண்டது. பாரசீக ஆளுநர் இருந்த சார்டிஸ் நகரம் எரிந்தது. கி.மு. 494-இல் மிலேட்டஸே வீழ்ந்தது. அதற்கு முன், கலகத்தின்போதே, ஹிஸ்டியாயஸ் சார்டிஸில் இருந்த பாரசீகர் சிலருக்கு எழுதிய கடிதங்களைத் தூதனே ஆளுநர் அர்டாஃபெர்னஸிடம் கொடுத்துவிட்டான். அவர் படித்துவிட்டு, உரியவர்களிடமே சேர்க்கச் சொல்லி, பதில்களையும் வாங்கிப் பார்த்து, சிக்கியவர்களைக் கொன்றார். கடிதத்தை எதிரி படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பக்கம், ஹுவெல்வா மறுபக்கம். அங்கே எதிரி படித்ததால், பான்சர் டிவிஷன் ஒன்று பிரான்சிலிருந்து கிரீஸுக்குப் போனது. ஜூலை 10 அன்று நேசப் படைகள் சிசிலியில் இறங்கின.

இவ்விரண்டிலும் நாம் மெச்சுவது தந்திரத்தை. ஆனால் வெற்றிக்கு முக்கியக் காரணம் அதுவன்று. நாக்சோஸ் தீவைப் பிடிக்கப் போய்த் தோற்ற அரிஸ்டகோரஸ், பதவி பறிபோகும் என்று அஞ்சி, சேதி வரும்முன்பே கலகத்தை யோசித்துக்கொண்டிருந்தான். ருமேனிய எண்ணெயும் பால்கன் கனிமங்களும் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் ஹிட்லருக்கும் முன்பே இருந்தது. மண்டையில் குத்திய மெய்யும் பெட்டியில் வைத்த பொய்யும் பலித்தது ஒரே காரணத்தால்தான்: பெறுகிறவர் ஏற்கெனவே எண்ணியிருந்ததையே அவை சொல்லின. உளவு வேலையில் உறையைவிட, அதைப் பிரிப்பவரின் மனத்தை அறிவதே பெரிய திறமை.