கோவில்பட்டிச் சாலையும் குடிபோதைச் சட்டமும்

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டி, கயத்தாறு வழியாகக் கரிசல் நிலத்தைக் கடக்கிறது. இச்சாலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடுபவர்மீது பாய்வது மாநிலச் சட்டம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மது மாநிலப் பட்டியலிலும், மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலிலும் உள்ளன. மதுக்கடையைத் திறப்பதும் மூடுவதும் மாநில அரசின் பொறுப்பு. ஓட்டுநரின் குற்றத்தை வரையறுப்பது நடுவண் சட்டம்.

மதுவிலக்குக் காலம்

இராஜாஜி அமைச்சரவை 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதன் பின் குடிப்பதே குற்றம்; வண்டி ஓட்டினாரா என்ற கேள்வி இரண்டாவதுதான். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவோ வேறொன்றைக் கேட்டது: வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதை இருந்ததா? இதை மெய்ப்பிப்பது எளிதன்று. மூச்சில் மது வாடை, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று மருத்துவர் எழுதித் தரும் சான்றே பெரும்பாலும் ஆதாரம். இரத்தப் பரிசோதனை இல்லாமல் இவற்றை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 1971இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் குடிப்பது குற்றமல்ல என்று ஆனபின், எவ்வளவு குடித்தார் என்று அளந்து காட்டும் தேவை கூடியது.

30 மில்லிகிராம்

1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டத்தில் 185ஆம் பிரிவு தொடக்கத்தில் மிகக் கடுமையாக இருந்தது. இரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம். இருமலுக்கு அரிட்டம் குடித்தவரும் அஞ்ச வேண்டிய நிலை! 1994 திருத்தம் அதை மாற்றி, மூச்சுப் பரிசோதனைக் கருவியில் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என வரையறுத்தது. 1936இல் இத்தகைய வரம்பை முதலில் கொண்டுவந்த நார்வே 50 மில்லிகிராம் என்றும், பிரிட்டன் 1967இல் 80 மில்லிகிராம் என்றும் வைத்தன. நம் வரம்பு இவற்றைவிடக் கண்டிப்பானது.

கடைக்கும் சாலைக்கும் இடையே

ஓட்டுநரைப் பிடிப்பதைவிடக் கடையை நகர்த்துவது மேல் என்ற எண்ணமும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றின் வழியே வலுப்பெற்றது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ஆணையிட, மாநில அரசு மேல்முறையீடு செய்தது. அம்முறையீட்டில் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் மாற்ற முயன்றபோது பெண்கள் தெருவில் இறங்கினர். நெடுஞ்சாலை பிழைத்தது, ஊர் மாட்டிக்கொண்டது என்ற மனக்குறை நியாயமானதே.

இதற்கிடையே விலக்குகளும் வந்தன. மக்கள்தொகை 20,000 வரை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. கயத்தாறும் எட்டயபுரமும் அத்தகைய பேரூர்கள். நகராட்சி எல்லைகளுக்கு இத்தடை பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கம் வந்ததால் கோவில்பட்டி நகரம் விடுபட்டது.

இன்றைய நிலை

2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறையும் 15,000 ரூபாயும் ஆகலாம். முன்பு முதல் குற்றத்துக்கு அபராதம் 2,000 ரூபாய் வரைதான். வாகனக் குற்றங்களுக்கான உயர்த்தப்பட்ட அபராதங்கள் குறித்த அரசாணை தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் வெளிவந்தது. குடித்தவரை ஓட்டத் தூண்டியவரும் 188ஆம் பிரிவின்படி அதே தண்டனைக்கு உரியவர்.

பலர் அறியாத ஒரு விதி 202ஆம் பிரிவில் உள்ளது. இக்குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லையேல் அவரை விடுவித்துவிட வேண்டும். விளாத்திகுளத்துக்கு அப்பால் ஒரு கிராமச் சாலையில் நள்ளிரவில் கைதானவரைப் பொறுத்தவரை, பிடித்த காவலருக்கும் பிடிபட்டவருக்கும் அந்த இரண்டு மணி நேரமே வழக்கு.