ஜெபத்திற்கென ஓர் இடம்: பொருநைக் கரையிலிருந்து தாராவி வரை

குடியேறிய இடமெங்கும் தொழுமிடம் ஒன்றையும் உடன் அமைத்துக்கொள்வது தமிழர்தம் பழைய வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகருக்குப் புதியவராய் வந்தோர் தங்குவதும் பலரும் தொழுவதுமான பொதியில் ஒன்றை நமக்குக் காட்டுகிறது. அங்கே தூணில் உறையும் தெய்வத்தின் முன்னர் அந்திப் பொழுதில் விளக்கேற்றினர். வந்தேறியவனுக்குத் தலைசாய்க்க ஓரிடமும் தலைவணங்க ஓரிடமும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்த வழக்கம் மும்பைக்கு வந்த தமிழரிடத்தும் மாறவில்லை. தாராவியில் பெரிய மசூதி 1887ஆம் ஆண்டிலும், பிள்ளையார் கோயில் 1913ஆம் ஆண்டிலும் எழுந்தன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோயில்கள் தோன்றின. இவற்றோடு நெல்லைச் சீமையின் கிறிஸ்தவத் தமிழரும் தம் வேதப்புத்தகத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் தகரப் பெட்டிகளில் சுமந்து இந்நகருக்கு வந்தனர். பத்தடி அறையில் எட்டுப்பேர் வாழும் வாழ்க்கையில் ஜெபத்திற்கென்று தனியே ஓரிடம் ஒதுக்குதல் தேவைதானா? ஒதுக்கினால் அதனால் விளையும் பயன் யாது? வரலாற்றின் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறைவீடும் மேல்வீடும்

முதற்கண் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இறைவனைத் தொழுவதற்கு இந்த மலையோ எருசலேமோ வேண்டுவதில்லை. ஆவியோடும் உண்மையோடும் தொழுவதே தொழுகை என்று சமாரியப் பெண்ணிடம் இயேசுபிரான் உரைத்ததாக யோவான் எழுதிய நற்செய்தி கூறும். அவ்வாறாயின் இடம் எதற்கு?

அதே பெருமான்தாம், ஜெபம் செய்யும்போது அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்ளுமாறு மலைப்பொழிவில் பணித்தார். அவ்வறையைப் பழைய தமிழ் வேதாகமம் 'அறைவீடு' என்னும் அழகிய சொல்லால் குறிக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குப் பண்டங்களைச் சேமித்து வைக்கும் உள்ளறை என்பது பொருள். கலிலேய நாட்டு உழவனின் சிறுவீட்டில் தானியக் குதிரும் எண்ணெய்ச் சாடியும் இருந்த மூலையே அது எனலாம். மாடமாளிகையிலுள்ள பூசைமண்டபத்தை அவர் சுட்டவில்லை. ஏழைக்கும் எட்டும் ஓரிடத்தையே சுட்டினார். எனவே இவ்விரு மொழிகளும் தம்முள் முரண்படவில்லை. இறைவன் ஓரிடத்தில் அடங்குபவன் அல்லன். மனிதன் மனம் அடங்குவதற்கோ ஓரிடம் வேண்டும்.

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்களுக்குக் கோபுரமோ மணிக்கூண்டோ இல்லை. எருசலேமின் மேல்வீட்டறையில் கூடினர். பிலிப்பி நகரில் ஆற்றங்கரையில் கூடினர். சிரியா நாட்டில் யூப்ரடிஸ் ஆற்றங்கரையிலுள்ள தூரா யூரோப்பசு என்னும் பாழ்நகரை 1930களின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, மூன்றாம் நூற்றாண்டில் குடியிருப்பு வீடொன்றின் உட்சுவரை நீக்கித் தொழுமிடமாக மாற்றியிருந்தமை வெளிப்பட்டது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அது மற்றொரு வீடு. உள்ளே நுழைந்தோர்க்கோ அது ஆலயம்.

தமிழகத்தின் ஜெபவீடுகள்

தமிழ்நாட்டு வரலாறும் இதனையே வலியுறுத்தும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் மணப்பாட்டுக் கடலோரக் குகையொன்றில் தங்கி ஜெபித்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. இன்றும் மக்கள் அங்குச் சென்று வணங்குகின்றனர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அடுத்த ஆண்டிலேயே எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுப் புகழ்பெற்ற அச்சுக்கூடம் அதற்குப் பின்னரே அமைந்தது. நூலுக்கு முன்னரே கூடுமிடம் வேண்டும் என்று அவர் கருதினார் போலும். அவ்வாலயத்திற்கு மாற்றாக 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே மறு ஆண்டு அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நெல்லைச் சீமைக்கு வருவோம். பாளையங்கோட்டையில் வாழ்ந்த கிளாரிந்தா அம்மையார் தஞ்சையினின்றும் வந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண் என்பர். 1778இல் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற அவ்வம்மையாரின் முயற்சியால் எழுந்த சிற்றாலயம் 1785இல் அர்ப்பணம் செய்யப்பட்டது. மக்கள் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். 1780இல் எழுதப்பட்ட அச்சபையின் பெயர்ப் பட்டியலில் இருந்தோர் நாற்பதின்மரே. மராட்டிய மரபில் வந்த ஒரு மாது பொருநைக் கரையில் தமிழர்க்கு ஜெபவீடு அமைத்தார். அப்பொருநைக் கரைத் தமிழரின் வழித்தோன்றல்கள் இன்று மராட்டிய மண்ணில் ஜெபிக்கின்றனர். வரலாறு சில கடன்களை இவ்வாறு திருப்பித் தருகிறது!

இடத்தின் அருமை அது பறிபோகும்போதுதான் புலப்படும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் வழிவந்த எளிய மக்கள் கட்டிய ஜெபவீட்டைப் பகைத்தோர் இடித்தனர். அம்மக்கள் சிதறிப்போகவில்லை. 1799இல் சிறிது நிலம் வாங்கிக் குடியேறி, அதற்கு முதலூர் என்று பெயரிட்டனர். இடித்துத் தள்ளப்பட்ட ஒரு ஜெபவீட்டிலிருந்து ஓர் ஊரே முளைத்தது என்றால் மிகையாகாது.

தேரி மணல் சூழ்ந்த இடையன்குடிக்கு 1841இல் வந்த கால்டுவெல் ஐயரின் பொறுமையும் ஈண்டு நினைத்தற்குரியது. 1847இல் தொடங்கிய ஆலயப் பணி 1880இல்தான் நிறைவெய்தியது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் உலகிற்கு அளித்த அப்பேரறிஞர், அந்நூல் வெளிவந்த பின்னும் இருபத்துநான்கு ஆண்டுகள் இவ்வாலயத்தின் நிறைவுக்குக் காத்திருந்தார்.

ஒதுக்குதலும் ஒதுக்கிவைத்தலும்

இடம் ஒதுக்குவதில் ஓர் இடரும் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. தமிழகத் திருச்சபைகள் சிலவற்றில் சாதிக்கொரு பக்கம் என அமர்ந்த கொடுமை இருந்தது. சாதி வேற்றுமையைச் சபையினின்றும் அகற்றுமாறு பேராயர் தானியேல் வில்சன் 1833இல் ஆணையிட்டார். அதற்கு எழுந்த எதிர்ப்பும் சிறிதன்று. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காணாவண்ணம் இருபிரிவாகக் கட்டப்பட்டு, நடுவே சுவரும் கொண்டிருந்தது. அச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது.

இறைவனுக்கென்று ஒதுக்குதல் வேறு. அயலானை ஒதுக்கிவைத்தல் வேறு. முதலூரில் மக்கள் தேடியது முன்னது. வடக்கன்குளத்துச் சுவர் காட்டியது பின்னது. ஜெபத்திற்கென நாம் அமைக்கும் இடம் எவ்வகையைச் சார்ந்தது என்பதை அதன் வாசலைக் கொண்டே அறியலாம்.

மும்பை வாழ்வில்

தோல் பதனிடும் தொழிலையும் ஆலைகளையும் நாடி வந்த தமிழர்க்குத் தாராவி உறைவிடமாயிற்று. அவருள் கத்தோலிக்கர் மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தில் 1948 முதல் நடைபெறும் புதன்கிழமை நவநாள் வழிபாட்டில் கலந்துகொண்டனர். 1957இல் மாட்டுங்காவில் எழுந்த தொன் போஸ்கோ மாதா திருத்தலத்திற்கும் சென்றனர். சீர்திருத்தச் சபையாரின் நிலை சற்று வேறானது. ஊரில் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தவர், இங்கோ 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையின் எல்லைக்குள் வாழ்கிறார். ஆலயம் உண்டு, ஆனால் தாய்மொழியில் ஆராதனை வேண்டுமெனில் பேருந்தும் இரயிலும் மாறிச் செல்ல நேர்ந்தோர் பலர். இந்நிலையில் அன்றாட ஜெபத்திற்கு வீட்டின் மூலையே ஆலயமாயிற்று.

அம்மூலைக்கு அளவு பெரிதன்று. சுவரில் ஒரு பலகை, அதன்மேல் வேதப்புத்தகம், அருகே கீர்த்தனைப் புத்தகம், கீழே விரிக்க ஒரு பாய், இவை போதும். யோவான் வெசுலியின் அன்னை சூசன்னா, பிள்ளைகள் நிறைந்த வீட்டில் தனிமை கிட்டாதபோது மேலாடையால் தலையை மூடிக்கொண்டு ஜெபிப்பாராம். பிள்ளைகளும் அப்போது அன்னையை அழைக்கமாட்டார்களாம். நம் தாய்மார் முந்தானையால் முக்காடிட்டு அமரும்போது நிகழ்வதும் அதுவே. அந்நேரத்தில் வானொலி ஓயும், அடுப்பு அணையும், வாய்ச்சண்டையும் அடங்கும். இடம் ஒன்றைக் குறித்துவிட்டால் நேரமும் தானே குறிக்கப்படும்; நேரம் குறிக்கப்பட்டால் பழக்கம் வேரூன்றும். இதுவே ஒதுக்கிய இடத்தின் முதற்பயன்.

இரண்டாவது பயன் சங்கத்தார் அனைவரும் கருதத்தக்கது. ஆங்கிலமும் இந்தியும் மராட்டியும் பயிலும் நம் பிள்ளைகள் தமிழெழுத்தை உரக்கப் படிக்கும் இடம் இந்நகரில் எத்தனை? வீட்டு ஜெபத்தில் முறைவைத்துப் படிக்கும் ஓர் அதிகாரம் பல இல்லங்களில் அன்றைய ஒரே தமிழ்ப்பாடமாக அமைகிறது. தேவாரம் ஓதும் இல்லத்திற்கும் இது பொருந்தும். தொழுமிடம் மறைந்தால் பக்தியோடு மொழியும் வீட்டைவிட்டு வெளியேறும்.

தாராவி இன்று மாற்றத்தின் வாயிலில் நிற்கிறது. மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. தகுதியுடைய குடும்பத்திற்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிக்கப்பட்டுள்ளது. வரைபடத்தில் சமையலறையும் குளியலறையும் குறிக்கப்படும். ஜெபமூலையை எந்தப் பொறியாளரும் குறிக்கமாட்டார். அது குடும்பத்தார் தம் கையால் குறிக்கவேண்டியது. தொலைக்காட்சிக்கு இடம் பார்த்த பின் எஞ்சியதை இறைவனுக்குத் தருவதா, முதலில் அவனுக்கொரு மூலையை வைத்துவிட்டுப் பிறவற்றை அமைப்பதா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தாமே முடிவு செய்தல் வேண்டும்.

முதலூரார்க்கு நிலம் சிறிது. பாளையங்கோட்டையார்க்கு ஆள் சிறிது. இடையன்குடியார்க்குப் பொருள் சிறிது. மும்பைத் தமிழர்க்கு இடமே சிறிது. சிறியதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வைத்தவர்களே வரலாற்றில் நின்றார்கள். நாமும் நம் இல்லத்தில் ஒரு மூலையை ஒதுக்குவோம். அண்டை வீட்டார் வந்து அமர அதில் ஒரு பாயையும் விரித்து வைப்போமாக.